ஜனவரியில் ஸ்கூட்டரில் ஊட்டி வருகிறோம், குளிரை எப்படிச் சமாளிப்பது?

ஜனவரி முதல் வாரத்தில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் ஊட்டி வருகிறேன், குளிருக்காக ஆறாயிரம் ரூபாய் கொடுத்து ரைடிங் ஜாக்கெட் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்காக என்றால் வேண்டாம். விழுந்தால் முழங்கையும் தோள்பட்டையும் தப்பிக்கும் என்று வாங்கினால் அது வேறு கணக்கு. வீட்டில் தொங்கும் ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், போதும்.

நான் இருப்பது ஊட்டி காந்தலில். வேலை முத்தோரை பாலாடா பக்கம், கேரட் கழுவும் இடத்தில் கணக்கு எழுதுவது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி கிளம்புவதற்குள் மூட்டைக் கணக்கு முடிய வேண்டும். அதனால் அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுவேன். எட்டு குளிர்காலம் இப்படிப் போயிருக்கிறது.

முதல் வருடம் செலவு எல்லாம் கைக்குத்தான் செய்தேன். ஒரு கம்பளிக் கையுறை, அது போதாமல் அதற்கு மேல் இன்னொன்று. அப்படியும் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். ஒரு நாள் பாலாடாவுக்கு முந்தைய வளைவில் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தேன், விரல் சொன்னபடி கேட்கவில்லை. வண்டி நேராகக் கேரட் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. எனக்கு அடி இல்லை. இரண்டு பாத்தி போச்சு. தோட்டத்துக்காரர், வயதான படுகர், டார்ச்சோடு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் ஸ்வெட்டரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கை கிடக்கட்டும். நெஞ்சு வழியா காத்து போகுது, முதல்ல அதை அடைங்க" என்றார். பக்கத்தில் கிடந்த காலி உரச் சாக்கில் தலைக்கும் கைக்கும் மூன்று ஓட்டை கிழித்து எனக்கு மாட்டிவிட்டார். அன்று காலை முழுக்க யூரியா மூட்டை மாதிரி உட்கார்ந்து கணக்கு எழுதினேன். ஆனால் திரும்பி வரும்போது விரல் மரக்கவில்லை.

விஷயம் இதுதான். நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கையுறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சூடான ரத்தமே வராத கைக்கு எத்தனை உறை போட்டு என்ன? ஸ்வெட்டர் கதையும் இப்படித்தான். அது சூடு தருவது பின்னலுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றால். வீட்டுக்குள் சரி. வண்டியில் போகும்போது எதிர்காற்று அந்தச் சூடான காற்றை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடும். வெப்பமானி 5 டிகிரி காட்டும் நேரத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே இருப்பது போலத்தான் உறைக்கும். ஆகவே கம்பளியைக் கூட்டுவதற்கு முன்னால் காற்றை அடைக்க வேண்டும்.

நான் போடுவது: உடம்போடு ஒட்டிய முழுக்கை பனியன், அதற்கு மேல் நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு மூன்று மடிப்பாக நியூஸ்பேப்பர், அதற்கு மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். பேப்பர் என்றதும் சிரிக்காதீர்கள். காற்றையும் தடுக்கும், மடிப்புகளுக்கு நடுவே காற்றைப் பிடித்தும் வைக்கும், இறங்கியதும் எடுத்துப் படிக்கவும் செய்யலாம். ரெயின்கோட்டில் ஒரு குறை, வியர்வை வெளியே போகாது. பனியன் நனைந்துவிட்டால் அதுவே ஐஸ் ஒத்தடம் ஆகிவிடும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். மஃப்ளர் கழுத்துக்கு அவசியம், ஆனால் இரண்டு முனையும் ரெயின்கோட்டுக்குள் போக வேண்டும். பின்னால் பறக்கவிட்டால் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் தடித்த குல்லா வேண்டாம், மெல்லியதாக ஒன்று போதும்.

நெஞ்சை அடைத்த பிறகு கைக்கு வாருங்கள். உள்ளே மெல்லிய துணிக் கையுறை, மேலே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, ஒரு சைஸ் பெரியதாக. இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது. பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும், அதிகாலையில் யார் பார்க்கிறார்கள்? அதைப் போட்டுக்கொண்டு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சரியாகப் பிடிபடுகிறதா, வழுக்குகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். காலுக்கு சாக்ஸ், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அப்புறம் ஷூ. ஸ்கூட்டரில் முன் தகடு கெண்டைக்காலுக்குக் காற்று படாமல் தடுத்துவிடும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது கிடையாது, எஞ்சின் சூடு கொஞ்சம் கிடைக்கும்.

அப்புறம், உயரம் போகப் போகக் குளிர் கூடும் என்பது பாதி உண்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறும்போது அது சரி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஆனால் மேகமும் காற்றும் இல்லாத ஜனவரி ராத்திரியில் கணக்கு தலைகீழ். தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டிலிருந்து பாலாடா பள்ளத்துக்கு இறங்கும்போது ஒரே வளைவில் குளிர் மாறுவது முகத்தில் தெரியும். செய்தியில் புல்வெளி வெள்ளையாக இருக்கிற படம் வருகிறதே, தலைகுந்தா, காந்தல் என்று, எல்லாம் இந்த மாதிரிப் பள்ளம்தான். முதலில் நீர்ப்பனி, வானம் நன்றாகத் தெளிந்த பிறகு உறைபனி. மேகம் மூடிய ராத்திரி என்றால் எங்களுக்குச் சந்தோஷம், குளிர் குறைவு.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். நன்றாக விடிந்த பிறகே கல்லாறு தாண்டுங்கள். கல்லாறுக்கும் பர்லியாருக்கும் நடுவே யானை ரோட்டைக் கடக்கும். மேட்டுப்பாளையத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வியர்த்துவிடாதீர்கள். பர்லியாரில் டீ குடித்துவிட்டு, குளிர் தெரிவதற்கு முன்பே மாட்டுங்கள். நடுங்க ஆரம்பித்த பிறகு மாட்டினால் உடம்பு சூடாக ரொம்ப நேரம் எடுக்கும். பின்னால் இருப்பவருக்கு நீங்கள் காற்றை மறைப்பீர்கள்தான், ஆனால் அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் உங்களைவிடச் சீக்கிரம் குளிரும். அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். என் மனைவி ஒரு தடவை காட்டேரியிலிருந்து ஊட்டி வரை ஒரு வார்த்தை பேசவில்லை, கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் பேசாமல் வந்தேன். இறங்கிப் பார்த்தால் பல் கிட்டிப் போயிருந்தது. அவருக்கும் ஒரு ரெயின்கோட் எடுத்து வாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி இரண்டு பேரும் கொஞ்சம் நடங்கள்.

விரல் மரத்துவிட்டால் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரில் கை வைக்காதீர்கள், மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். "ஒரு கட்டிங் போட்டால் குளிராது" என்பவர்களை நம்ப வேண்டாம். குடித்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு மாதிரித் தெரியும், அந்தச் சூடு உடம்பை விட்டு வெளியே போகிற சூடு. வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பேச்சே கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழற ஆரம்பித்தால் அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊட்டியில் தங்கும் அறையில் கரி அடுப்பு கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வாசனை இல்லாமலே ஆளைக் கொன்றுவிடும். ஸ்கூட்டரை வெட்டவெளியில் விட்டால் சீட்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு வையுங்கள். காலையில் சீட்டில் படிந்த பனி உருகிப் பேண்ட் நனைந்தால், மேலே நான் சொன்ன பேப்பர், ரெயின்கோட் எதுவும் பிரயோஜனப்படாது.