தோட்டத்து ஸ்டோர் ஒபிசில் இருக்கும் பழைய இன்டர்கொம் மாஸ்டரின் முன்பக்க சுவிச்சுகளை எப்படிப் பாவிப்பது?

பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 11 வருடம் கிளாக்கராக இருந்தேன். என் மேசையில் இருந்ததும் நீங்கள் சொல்கிற மாதிரி, ஸ்டோரின் மற்ற இடங்களோடு பேசுகிற தலைமைப் பெட்டிதான். வரிசையாக 6 சுவிச்சு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன பல்பு, நடுவில் அமுக்குகிற கட்டை, ஓரத்தில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு.

கட்டையை அமுக்கினால் நீங்கள் பேசலாம். விட்டால் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. உள்ளே இருப்பது ஒரே அம்ப்ளிஃபயர், கட்டை அதன் திசையைத்தான் மாற்றுகிறது. அங்கே சுவரில் தொங்குகிற பெட்டியில் தனியாக மைக் கிடையாது, ஸ்பீக்கரேதான் மைக்கும். புதிதாக வருகிறவர்கள் டெலிபோன் பழக்கத்தில் கட்டையை அமுக்கிப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருப்பார்கள். கொழுந்து உருட்டுகிற மெஷின் அறையைக் கூப்பிட்டுவிட்டு, "ரோலர் ரூம்ல ஆளே இல்ல" என்று கோபம் வேறு வரும். அங்கே அந்த மனுசன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான்.

சீக்கிரம் விட்டாலும் வம்புதான். நம் பாஷையில் "வேண்டாம்" கடைசியில்தானே வருகிறது! ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு, இலை இன்னும் வாடவில்லை என்று மேல்மாடியில் இருந்து சொன்னார்கள். நான் கீழே "இப்போ ரோலர் போட வேண்டாம்" என்றேன், பேசி முடிக்கும் முன்னே கை தளர்ந்துவிட்டது. அவர்களுக்குக் கேட்டது "இப்போ ரோலர் போட" வரைக்கும்தான். போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் "வேண்டாம்" என்பதை முதலில் சொல்லப் பழகிக்கொண்டேன்: "வேண்டாம், வேண்டாம், ரோலர் வேண்டாம்."

யாராவது கூப்பிட்டால் பஸ்ஸர் அடித்து, அவர்களுடைய பல்பு எரியும். அந்தச் சுவிச்சை மேலே தள்ளிவிட்டுப் பேசுங்கள். முடிந்ததும் கீழே இறக்குங்கள். மறந்தால், அந்த இடத்தில் பேசுகிற எல்லாம் உங்கள் மேசையில் கேட்டுக்கொண்டே இருக்கும், அவர்களுக்குத் தெரியாது. நான் மறந்த ஒரு நாள், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒபிசுக்குள் வரவும், கொழுந்து பரப்புகிற அக்கா ஒருத்தி மேலே இருந்து "அந்தாளுக்கு இன்னைக்கு வீட்ல சோறு போடல போல, வந்ததுல இருந்து கத்துறாரு" என்று சொல்லவும் சரியாக இருந்தது. ஐயா சிரித்துவிட்டார், நான் பிழைத்தேன். ஆனாலும் வேண்டுமென்றே திறந்து வைத்து ஒட்டுக்கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அசிங்கம்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்கிற சுவிச்சு இருந்தால், செய்தி சொல்ல மட்டும் பாவியுங்கள். பதில் கேட்கப் போனால் ட்ரையர், ரோலர் இரைச்சல் எல்லாம் சேர்ந்து வந்து விழும்.

திருகை முக்கால்வாசிக்கு மேல் திருப்பாதீர்கள். எங்கள் பெட்டியில் அது ரெண்டு பக்கத்துக்கும் பொது. ரோலர் ரூம்காரன் பேசுவது கேட்க வேண்டுமென்று கூட்டினால், அங்கே என் குரல் உடைந்து போகும். அதைவிட அவனை ஸ்பீக்கருக்கு அரை அடி தூரத்தில் நின்று, கத்தாமல் பேசச் சொல்லுங்கள். பக்கத்து அறைப் பெட்டியோடு கதவு திறந்திருக்கும்போது பேசினால் ஊளையிடும், கதவைச் சாத்தினால் போதும்.

ஆனி ஆடி மழையில் சுவிச்சு கரகரக்கும், ஈரத்தில் உள்ளே களிம்பு பிடித்திருக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு, இருபது தரம் மேலும் கீழும் தள்ளுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பீக்கர் போய்விட்டால் பழைய ரேடியோவில் இருந்து 8 ஓம் ஒன்றைப் பிடுங்கி மாட்டாதீர்கள். எங்களுடையது 45 ஓம். பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

சுவிச்சுக்குக் கீழே நம்பர் அழிந்திருந்தால் பிளாஸ்டர் ஒட்டி பேனையால் எழுதி வையுங்கள்: வாட்டம், ரோலர், ட்ரையர், சல்லடை, அடுப்பு. எங்களுடைய 6ஆம் நம்பர் எங்கே போகிறதென்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. மழை ராத்திரிகளில் அதைத் தள்ளினால் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் வரும். கொழுந்து நிறுக்கிற பழைய மடுவமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.