பிஆர் காட் புதுப்பிப்பும் இலங்கைக் கடவுச்சீட்டும்

கேள்வி (சுருக்கம்): கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன், வயது 54. என் அகதிக் கோரிக்கை 2013இல் ஏற்கப்பட்டது, 2015இல் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தது. 2016இல் மனைவியை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தேன். என் பிஆர் காட்டின் காலம் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்து 7 மாதம். கேட்டால் ‘மேலதிகப் பரிசீலனை’ என்கிறார்கள். எனக்குப் பிறகு போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. ஒரு வருடமும் வரி தவறியதில்லை. விண்ணப்பத்தை நிரப்ப ஆலோசகர் 900 டொலர் வாங்கினார். யாழ்ப்பாணத்துக்கு 2022இல் அம்மாவின் செத்தவீட்டுக்கும் 2024இல் மருமகளின் கல்யாணத்துக்கும் போனேன். இரண்டாம் முறை சென்னையில் ஒரு கிழமை நின்றதால் ஆலோசகர் இந்தியா என்று மட்டும் எழுதிவிட்டார். போன வருடம் அப்பா மோசம் போனார், காட் இல்லாததால் போக முடியவில்லை. ஆட்டைத் திவசத்துக்காவது போக வேண்டும். தாமதத்துக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடலாமா? 55 வயதானதும் சோதனை இல்லாமல் குடியுரிமைக்குப் போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: வழக்குப் போடாதீர்கள். வரி, பக்கத்து வீட்டுக்காரர், 900 டொலர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒன்றுதான், அதை நீங்கள் எழுதவில்லை: யாழ்ப்பாணம் போனது எந்தக் கடவுச்சீட்டில்? கனடா தரும் அகதிப் பயண ஆவணம் இலங்கைக்குச் செல்லாது. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்திருக்கிறீர்கள்.

5 வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற கணக்கில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவில். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் நாடினால் அவருடைய அகதிப் பாதுகாப்பை முடித்துவிடலாம். செசேஷன் என்பது இதுதான். 2012 டிசம்பர் 15 வரை அதனால் பிஆர் போகவில்லை. அன்றிலிருந்து 46ஆம் பிரிவின்படி பிஆரும் சேர்ந்தே போகிறது. ‘பிஆர் கிடைத்த பிறகு நான் அகதியில்லைத்தானே’ என்று கேட்காத கட்சிக்காரர் குறைவு. குடியுரிமை எடுக்கும் வரை அந்த அகதி நிலை உங்களோடுதான் இருக்கிறது. இதற்குக் காலவரம்பும் கிடையாது, 10 வருடத்துக்கு முந்திய பயணத்தையும் எடுத்துப் பேசலாம்.

தன் நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்தாலே அந்த நாட்டின் பாதுகாப்பை நாடியதாக ஊகிப்பார்கள். அதில் அந்த நாட்டுக்கே போய் வந்தால் ஊகம் இன்னும் வலுக்கும். அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. 2022இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவைத்தது: பிஆர் போகும் என்று உண்மையிலேயே தெரிந்திருந்ததா, துன்புறுத்தியது யார், பயணத்தின் காரணம் என்ன, எத்தனை தடவை, அங்கே என்னென்ன முன்னெச்சரிக்கை எடுத்தார். செத்தவீடு ஓரளவு தாங்கும். கல்யாணம் தாங்காது. 2013 கோரிக்கையில் நீங்கள் அஞ்சியது இராணுவத்துக்கும் சிஐடிக்குமென்றால் நிலைமை இன்னும் கடினம். யாருக்குப் பயந்தீர்களோ அதே அரசிடம் பெயரையும் விலாசத்தையும் கொடுத்துக் கடவுச்சீட்டு வாங்கி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதன் அதிகாரிகளிடமே நீட்டியிருக்கிறீர்கள்.

ஆட்கள் விழும் குழி பெரும்பாலும் ரொறொன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது அதிகாரி சிரித்தபடி ‘ஊர் எப்படி, பயமில்லையா’ என்பார். ‘இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை, சண்டை 2009இலேயே முடிஞ்சுது’ என்று வாயில் வந்ததைச் சொல்வார்கள். அது குறிப்பாகப் பதிவாகி, பிறகு சான்றாக வந்து நிற்கும். அடுத்த குழி சிபிஎஸ்ஏ எனும் எல்லைச் சேவை முகமையின் நேர்காணல். கடிதத்தில் சாதாரணமாகத்தான் எழுதியிருக்கும். காட் கையில் தரப் போகிறார்கள் என்று நம்பித் தனியாகப் போய், அரை மணி நேரத்தில் வழக்கை முழுதாக ஒப்புவித்துவிட்டு வருவார்கள். அப்படிக் கடிதம் வந்தால் வக்கீல் இல்லாமல் போகக்கூடாது.

நாட்டு நிலைமை மாறியதால் மட்டும் அகதிப் பாதுகாப்பை முடித்தால் பிஆர் போகாது, தானாகப் பாதுகாப்பை நாடியதால் முடித்தால் போகும். எந்தக் காரணத்தில் தீர்ப்பு வருகிறது என்பதிலேயே வக்கீலின் வேலை முழுதும் இருக்கிறது. 

தோற்றால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அகதி மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், அதுவும் 15 நாளுக்குள். பிஆர் போய்விடும், நாடுகடத்தும் உத்தரவு வரலாம், மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்குப் பொதுவாக 12 மாதத் தடை.

இப்போது நீங்கள் கேட்ட வழக்குக்கு வருகிறேன். தாமதத்துக்கு எதிரான மனுவில் வென்றாலும் நீதிமன்றம் ‘முடிவெடு’ என்றுதான் சொல்லும், ‘காட்டைக் கொடு’ என்று சொல்லாது. கோப்பு செசேஷனுக்காக நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரியாமல் அதைத் தட்டி எழுப்புவது புத்தியல்ல. காட் முடிந்ததால் பிஆர் முடியவில்லை. கனடாவுக்குள் இருந்து வேலை செய்யலாம், வரி கட்டலாம்.

உடனே செய்ய வேண்டியது, தனியுரிமைச் சட்டத்தின் கீழ் ஐஆர்சிசி எனும் குடிவரவுத் திணைக்களத்திடமும் சிபிஎஸ்ஏயிடமும் உங்கள் கோப்பைக் கேட்பது. கட்டணம் இல்லை. முழுக் கோப்பு, அதிகாரிகளின் குறிப்புகள், பயண வரலாறு மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சட்டப்படி 30 நாள், நடைமுறையில் இழுக்கும். 2013 தீர்ப்பையும் அப்போது கொடுத்த வாக்குமூலத்தையும் தேடி எடுத்து வையுங்கள். இவை இல்லாமல் எந்த வக்கீலும் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது.

விண்ணப்பத்தில் இந்தியா என்று மட்டும் எழுதியது தனி ஆபத்து. எழுதியது ஆலோசகர், கையெழுத்து உங்களுடையது. 40ஆம் பிரிவின்படி பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை வரலாம். அவர்கள் கேட்கும்முன் திருத்த வேண்டும், வக்கீலின் கடிதத்தோடு, திகதியும் நாடும் மட்டும். ஏன் போனேன், எவ்வளவு அழுதேன் என்று அதில் ஒரு வரியும் வேண்டாம். விண்ணப்பத்தை மீளப் பெற்றுவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்த தகவல் கோப்பில் இருக்கும்.

ஆலோசகரோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் உங்கள் கோப்பின் முழுப் பிரதியை வாங்குங்கள். பிறகு 300, 400 டொலர் திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொண்டு விலகுங்கள். சண்டை முற்றினால் ‘இவர்தான் அப்படி எழுதச் சொன்னார்’ என்று அவர் எழுதித் தருவார். உங்களுக்கு அதைவிடக் கெட்ட சாட்சி வேண்டியதில்லை.

சோதனைக்குப் பயந்து 55 வரை காத்திருந்தது விலை கூடிய காத்திருப்பு. அந்தப் பயணங்களுக்கு முன்பே குடியுரிமை எடுத்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திராது. இனிப் போடுவதானாலும் கோப்பைப் பார்த்த பிறகுதான். அந்த விண்ணப்பமும் பயணங்களைக் கேட்கும், செசேஷன் நடக்கும்போது அமைச்சர் அதை நிறுத்திவைக்கவும் சட்டம் இடம் தருகிறது.

திவசத்துக்கு நீங்கள் போகக்கூடாது. மூன்றாவது பயணம் முதல் இரண்டுக்கும் சொல்லக்கூடிய சமாதானத்தையும் கெடுக்கும். அந்த இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம், அதில் சென்னைக்குக் கூடப் போக வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் போயே ஆக வேண்டுமென்றால் மனைவி போகட்டும். அவர் ஸ்பொன்சரில் வந்தவர், அகதிக் கோரிக்கை வைத்தவர் அல்லர், செசேஷன் அவரைத் தொடாது. அவருடைய காட் திரும்பி வரும் நாள் வரை செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.