சிகரெட்டை விட்டேன், கடலைமிட்டாயில் விழுந்தேன்

கேள்வி: சிகரெட்டை விட்டு 20 நாள் ஆகிறது. புகை ஆசையைக்கூட ஒருவிதமாகச் சமாளித்துவிடுகிறேன். ஆனால் நாள் முழுக்க இனிப்பு தின்னத் தோன்றுகிறது. இதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

எனக்கு ஊர் கோவில்பட்டி. இனிப்பை ஒதுக்க நினைப்பவன் குடியிருக்கக் கூடாத ஊர். தடுக்கி விழுந்தால் கடலைமிட்டாய்க் கடையில்தான் விழ வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதா, அதற்கப்புறம் அதைத் தின்பது ஊர்ப்பற்று என்றே ஆகிவிட்டது.

வேலை, தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுவது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்தும் குச்சியும் குவிந்து கிடக்கிற இடம், உள்ளே சிகரெட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கேட்டைத் தாண்டி எதிரே இருக்கிற டீக்கடைக்குத்தான் போக வேண்டும். கடைக்குப் போய்விட்டு டீ குடிக்காமல் நிற்க முடியுமா? ஆக 17 வருடமாக எனக்குத் தம் என்றால் டீ, டீ என்றால் தம். நாளைக்கு ஆறு தடவை. (பிளாஸ்டிக் லைட்டரைத் தடை செய்யச் சொல்லித் தீப்பெட்டிக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் என் பையில் ஒரு லைட்டர் இருந்தது. அது தனிப் பாவம்.)

விட்ட முதல் மூன்று நாளை எப்படிக் கடத்தினேன் என்றே நினைவில்லை. எரிச்சலும் பதற்றமும் உச்சத்தில் இருக்கிற நாட்கள் அவைதான். நான்காம் நாள் டீக்கடைக்குப் போனேன். வலது கையில் கிளாஸ். இடது கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேட்டி கட்டியிருந்தால் அதன் நுனியையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். “என்ன அண்ணாச்சி, வெறும் டீயா?” என்று மாஸ்டர் கேட்டார். எதிரே மிட்டாய்ப் பாட்டில். மூடியைத் திருகி ஒன்றை எடுத்தேன். கடக்கென்று கடிபட்டு, பாகு கடைவாயில் ஒட்டி, கடலை வாசம் மேலேறியதும் தலைக்குள் என்னவோ ஒன்று ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தது.

மூன்று வாரத்தில் சிகரெட் பெட்டி இருந்த சட்டைப்பையில் மிட்டாய்ப் பொட்டலம் குடியேறிவிட்டது. ஒரு நாள் கொடியில் கிடந்த சட்டையைத் துவைக்க எடுத்த மகள், “அப்பா, உங்க சட்டைப்பையில எறும்பு குடித்தனம் நடத்துது” என்றாள். எட்டிப் பார்த்தால், மிட்டாய் மேல் தூவுகிற ரோஸ் கலர் தேங்காய்ப்பூ நாலு இழை, வெல்லத்தோடு துணியில் ஒட்டியிருக்கிறது. அதைச் சுற்றி ஊர்வலம். மூன்று மாதத்தில் எனக்கு 6 கிலோ ஏறியிருந்தது.

இது நாக்கின் குணக்கேடு மட்டுமில்லை, உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நிக்கோட்டின் மூளையில் டோபமின் என்கிற, திருப்தி உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருளைத் தூண்டும். இனிப்பும் அந்த வழியைத்தான் தட்டும். ஒரு கதவு சாத்தியதும் மூளை பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்க்கிறது. அது போக, நிக்கோட்டினுக்குப் பசியை அமுக்குகிற குணம் உண்டு. அது போனதும் அமுங்கிக் கிடந்த பசி எழுந்து நிற்கும். நாக்கும் மூக்கும் தேறிவிடுவதால் தின்பதெல்லாம் முன்னைவிட ருசிக்கும். சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை கூடுவதற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

எனக்கு விடிவு வந்தது இனிப்புப் பக்கம் இருந்து இல்லை, டீப் பக்கம் இருந்து. இது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விட்ட இரண்டாம் வாரத்திலிருந்து ராத்திரி தூக்கம் போய்விட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை லேசாக நடுங்கும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து, இரண்டு மணிக்கு எழுந்து அடுப்படியில் லைட்டைப் போடாமலே மிட்டாய் டப்பாவைத் தடவுவேன். மறுநாள் தூக்கக் கலக்கம் தெளிய இன்னொரு டீ. அதற்குத் துணையாக இன்னொரு மிட்டாய். ஒருநாள் மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “டீ எத்தனை குடிக்கிறீங்க?”

விஷயம் இதுதான். சிகரெட் புகையில் இருக்கிற சில பொருட்கள், டீ, காபியில் இருக்கிற கஃபைனை உடைக்கிற கல்லீரல் என்சைமை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபைன் சீக்கிரம் கரைந்துவிடும். விட்ட சில நாளிலேயே அந்த முடுக்கம் நின்றுவிடுகிறது. குடிப்பது பழைய அதே ஆறு டீதான், ஆனால் ரத்தத்தில் தங்குகிற கஃபைன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, அதனால் மறுநாள் கூடுகிற பசி, எல்லாம் அங்கிருந்து வருகிறது. நாம் பாவம் எல்லாப் பழியையும் சிகரெட் மேல் போட்டுவிட்டு இன்னும் ஒரு டீ சொல்லுவோம். மூச்சிரைப்புக்குக் கொடுக்கிற தியோஃபிலின், மனநோய்க்குக் கொடுக்கிற ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளுக்கும் இதே கணக்கு உண்டு. அவற்றைச் சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விட்டதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

ஆறு டீயை மூன்றாக்கினேன். நான்கு மணிக்கு மேல் டீ கிடையாது. ஒரு வாரத்தில் தூக்கம் வந்தது, ராத்திரி டப்பா தடவுவது தானாக நின்றது. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. எங்கள் கடை டீயில் கிளாஸுக்கு இரண்டு டீஸ்பூன் சீனி. ஆறு டீக்கு 12 ஸ்பூன், அதாவது சுமார் 50 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிட்டாயைத் தொடுவதற்கு முன்பே நான் எல்லைக் கோட்டில் நின்றிருக்கிறேன்! மூன்று டீ, அதுவும் ‘சீனி கம்மி’ என்று சொன்னதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முதல் பத்து நாள் டீ விளங்கவில்லை. அப்புறம் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருந்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் கேவலமானது. காலை 11 மணிக்கு வருகிற இனிப்பு ஆசை பாதி நாள் வெறும் பசி. 17 வருடமாக என் காலைச் சாப்பாடு ஒரு டீயும் ஒரு தம்மும். நிக்கோட்டின் பசியை மதியம் வரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. தள்ளிப்போட ஆள் இல்லை என்றதும் வயிறு கத்துகிறது, நான் அதற்கு மிட்டாய் கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ காலையில் உள்ளே போன நாட்களில் அந்த 11 மணி வெறி பாதியாகக் குறைந்தது. கூடவே மேசை டிராயரில் மிட்டாய் இருந்த இடத்தில் வறுத்த கொண்டைக்கடலை. ருசியில் கடலைமிட்டாய்க்குக் கிட்டே வராது, ஆனால் கைக்கும் பல்லுக்கும் வேலை கிடைக்கிறது. அந்த வேலைக்காகத்தானே பாதி நேரம் சிகரெட்டும் பிடித்தோம்.

டீக்கடையில் அந்த இடது கைக்கு என்ன செய்தேன் என்றால், நெல்லிக்காய். பெரிய நெல்லி ஒன்றைத் துண்டு போட்டுக் கொண்டுபோவேன். மென்று முடித்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் வாயெல்லாம் இனிக்கும், சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் செய்ததுதான். ஒரு தடவை கிளம்புகிற ஆசை பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். ஒரு நெல்லிக்காயை மென்று முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். கிடைக்காத காலத்தில் ஏலக்காயோ கிராம்போ. பாக்குப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ‘புகையிலை இல்லாத வெறும் பாக்குதானே’ என்பார்கள். அந்த வெறும் பாக்கே புற்றுநோய் வரவழைக்கும்.

வெல்லம் பற்றி ஒரு வார்த்தை. ‘சீனிதான் கெடுதல், வெல்லம் உடம்புக்கு நல்லது’ என்று எங்கள் ஊர் முழுக்கச் சொல்லும். நானும் அதைச் சொல்லியே நாலு மிட்டாயை நியாயப்படுத்தினேன். வெல்லமோ கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ, ரத்தத்தில் ஏறுவது சர்க்கரைதான். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற அளவு, 6.1 சதவீதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் சர்க்கரை. பேப்பரைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி சொன்னது: “இதுக்கு நீங்க சிகரெட்டே குடிச்சிருக்கலாம்.” கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அந்த எண்ணம் எனக்கும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது தப்புக் கணக்கு. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம். இதயமும் நுரையீரலும் மிச்சப்படுவதற்கு முன்னால் 5 கிலோ ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், விட்ட புதிதில் ரத்தச் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், 20 நாளில் இருக்கிறவர் இனிப்பை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு சண்டை போட்டால் திரும்பி ஓடுவது சிகரெட்டுக்குத்தான். இந்தத் தடவைக்கு முன்னால் சிகரெட்டை விடப் பார்த்தபோது நான் அப்படித்தான் தோற்றேன். முதல் இரண்டு மாதம் இனிப்புக்கு ஒரு அளவு வையுங்கள், நேரம் வையுங்கள். எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு துண்டு, பொட்டலமாக வாங்காமல் கடையில் நின்று தின்கிற ஒன்று. புகை ஆசை அடங்கினபின் அதையும் குறைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். 6 கிலோவில் 4 இறங்கிவிட்டது, மீதி இரண்டு என்னோடே இருக்கிறது, இருக்கட்டும்.

தாங்கவே முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். நான் அதைப் பபிள்கம் மாதிரி மென்று, கூட்டத்தில் உட்கார்ந்து விக்கிக்கொண்டே இருந்தேன். சுருக்கென்று உறைத்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். டீ குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஏறாது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணும் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ அல்லது காபி குடிக்கிறீர்கள், காலையில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. அந்த இரண்டையும் கருத்தில் எழுதுங்கள், பார்க்கலாம்.