வந்து வந்து போகும் புகையும் சத்தமும்: பிக்கப் ஓட்டுநர்களின் கேள்விகளுக்கு ஒரு டீசல் மெக்கானிக்கின் பதில்கள்

மேட்டுப்பாளையத்தில் பிக்கப், மினி லாரி வண்டிகளின் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறேன். மலையேறி இறங்கும் காய்கறி வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுகளைப் பற்றி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். ‘புகை வருகிறது’ என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? ஏற்றமா, இறக்கமா? எத்தனை நொடி நீடித்தது, என்ன நிறம், என்ன வாடை? இவ்வளவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பட்டறைக்கு வந்து நிற்கும் நேரத்தில் வண்டி ஒழுங்காகத்தான் இருக்கும். கோளாறைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நீங்கள்தான்.

ஒட்டன்சத்திரம், தக்காளி லோடு: அண்ணா, காலை முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து நீலப் புகை குப்பென்று வருகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பகல் முழுக்க ஒன்றும் இல்லை. வண்டி 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின் போர் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

போர் வேலைக்கு, அதாவது சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போடும் வேலைக்கு, அவசரப்படாதீர்கள், தம்பி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதைப் புகை வரும் நேரம் சொல்லும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த இன்ஜின் லோடு இழுக்கும்போதெல்லாம் புகைக்கும்; காலை அரை நிமிடத்தோடு விட்டுவிடாது. உங்கள் வண்டியில் இரவு முழுக்க இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தங்கிய ஆயில், சூட்டில் இறுகிப்போன வால்வு சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, முதல் ஸ்டார்ட்டில் எரிந்து தீர்கிறது என்றே நினைக்கிறேன்.

உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. சூடான இன்ஜினைப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுப் பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். அப்போது ஒரு முறை நீலப் புகை வந்து தெளிந்தால் வால்வு சீல் அல்லது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி). ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி துள்ளும் அளவுக்குக் காற்று தள்ளினால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) அளந்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள். நான்கும் கம்பெனி சொல்லும் அளவுக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் போர் வேலைக்குக் காரணமே இல்லை.

சில இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கவைத்து, சீலை மட்டும் மாற்றிவிடலாம். வால்வு கைடும் தேய்ந்திருந்தால் மட்டும் ஹெட் லேத்துக்குப் போக வேண்டும்.

ஊட்டி, கேரட் லோடு: மேலே ஏறும்போது புகை இல்லை. குன்னூர் வழியாக இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கி வந்து, கல்லாறு தாண்டிச் சமதளத்தில் மிதித்தால் பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஒரே ஒரு முறை. ஆயில் கொஞ்சம் குறைகிறது.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், தள்ளிப்போடக் கூடாத வேலை இது. இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போது டர்போவில் அழுத்தம் இருக்காது. ஏறும்போது காற்றழுத்தம் தடுத்து நிறுத்தும் ஆயில், இறக்கத்தில் சீலைத் தாண்டி மெதுவாகக் கசிந்து பைப்பில் சேரும். சமதளத்தில் மிதித்ததும் மொத்தமாக எரியும்.

முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். அது அடைத்திருந்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி, நல்ல டர்போவிலும் ஆயில் இழுக்கும். அடுத்து, டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் பைப். அதில் கரி கட்டியிருந்தாலும், இன்ஜினில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே புகை வரும். இவை சரியென்றால், குளிர்ந்த வண்டியில் டர்போவின் முன் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் நகர்வது தெரிந்தாலோ, பிளேடு ஓட்டில் உரசிய கோடு இருந்தாலோ டர்போ முடிந்தது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் உட்புறம் ஆயில் ஈரம் படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கவிழ்த்தால் வடியும் அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் பிரச்சினை.

தள்ளிப்போடக் கூடாது என்றதற்குக் காரணம் புகை மட்டும் அல்ல. கசிவு முற்றினால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் சுற்றத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். நிற்கும் வண்டியென்றால் காற்று உள்ளே போகும் வாயைப் பலகை வைத்து அடைக்கலாம். கையையோ துணியையோ வைக்கவே கூடாது. இன்னொன்று: புகைக்குப் பயந்து நியூட்ரலில் இறங்கி வராதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அந்தச் சாலையில் ஒதுங்க இடம் கிடையாது.

நாமக்கல், முட்டை லோடு: செல்ஃப் அடித்தால் சில நாள் ‘கர்ர்ர்’ என்று இரும்பு இரும்பில் உரசும் சத்தம். மறுமுறை அடித்தால் ஒழுங்காக எடுக்கிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றியும் போகவில்லை.

நீங்கள் மாற்றியது மோட்டார். தேய்ந்திருப்பது அநேகமாக, அந்த மோட்டார் பற்றிச் சுற்றும் பிளைவீலின் பல் வளையமான ரிங் கியர்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு பிஸ்டன் மேலேறும்போது காற்று எதிர்த்துத் தள்ள, பெரும்பாலும் இரண்டே இடங்களில் வந்து நிற்கும். அவை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறம் இருக்கும். ஆகவே செல்ஃப் மோட்டாரின் பல் ஒவ்வொரு நாளும் ரிங் கியரின் அதே பற்களில்தான் மோதுகிறது. அந்தப் பற்கள் மட்டும் தேய்ந்துபோகும். இன்ஜின் அங்கே நின்ற நாளில் உரசும். வேறிடத்தில் நின்ற நாளில் சத்தமே இருக்காது.

அடுத்த முறை உரசினால் மறுபடி அடிக்காதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் பானா போட்டு இன்ஜினைக் கொஞ்சம் சுற்றுங்கள். பிறகு சுத்தமாகப் பிடித்தால் ரிங் கியர்தான். கண்ணாலும் பார்க்கலாம்: மோட்டாரைக் கழற்றி, அது உட்காரும் துளையில் டார்ச் அடித்து, இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சதுரமாக நிற்கும் பற்களுக்கு நடுவே ஓரிடத்தில் கூராக, வெள்ளி போல மின்னும் பற்கள் வரும். அரைச் சுற்றில் மறுபடி வரும்.

ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மாட்டுவது பழைய பட்டறை வழக்கம். தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். இன்ஜின் சென்சார் அந்தப் பற்களையோ பிளைவீலின் அடையாளத்தையோ படிக்கும் வண்டியில் இதைச் செய்யக் கூடாது. புதிதுதான் போட வேண்டும். எப்படியும் கியர் பாக்ஸ் இறங்கும். கிளட்ச் பிளேட்டையும் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம்.

தூத்துக்குடி, மீன் லோடு: சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும். நாலைந்து முறைக்குப் பிறகு எடுக்கிறது. பேட்டரி புதிது.

உப்புத் தண்ணீர் வடியும் வண்டியில் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மற்றதை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் மின்சாரம் தடைபடுகிறது. வயரின் வெளித்தோல் நன்றாக இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்து உதிர்ந்திருக்கும். எர்த் நன்றாக இருந்தால் அடுத்தது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டு.

கோத்தகிரி, தேயிலை லோடு: காலையில் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை, கண் எரிகிறது. கூடவே ‘டக டக’வென்று தட்டும் சத்தம். சூடானதும் இரண்டும் நின்றுவிடும். எந்த சிலிண்டர் என்று பார்க்க டீசல் தெளிக்கும் நாசிலின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாமா?

தளர்த்தவே கூடாது. பழைய பம்ப் வண்டிகளில் அப்படித்தான் பார்ப்போம். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அந்தப் பைப்புக்குள் டீசல் 1,600 பார் அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் மேலான அழுத்தத்தில் இருக்கிறது. மயிரிழைக் கசிவே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் வலியில்லை என்று உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, எரியாமல் வெளியேறும் டீசல். மலைக் குளிரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக். வயரைக் கழற்றி மீட்டரில் ஒவ்வொன்றின் தடையையும் பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம்தான் காட்டும். அறுந்தது ஒன்றும் காட்டாது. நான்கும் நன்றாக இருந்தால் நாசில் சொட்டுகிறது. ஒவ்வொரு நாசிலிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவார்கள், ஸ்கேனரிலும் பார்ப்பார்கள். அந்த வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

கோயம்பேடு, கீரை லோடு: வெள்ளைப் புகைதான், ஆனால் கண் எரியவில்லை. இனிப்பான ஒரு வாடை. வாரத்துக்கு ஒரு முறை கூலன்ட் ஊற்றுகிறேன். இன்ஜின் சூடாவதில்லை.

அந்த இனிப்பு வாடை கூலன்ட்டின் வாடை. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சூடேறாத வண்டியில் நான் முதலில் இ.ஜி.ஆர். கூலரைத்தான் பார்ப்பேன். இன்ஜினுக்கே திரும்பும் புகைக் காற்றைக் குளிர்விக்க அதனுள் கூலன்ட் ஓடுகிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேராகக் காற்றுப் பாதைக்குள் வந்து ஆவியாகிவிடும். ஹெட்டை இறக்கும் முன் கூலரைக் கழற்றி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேஸ்கெட்டைத் தெரிந்துகொள்ள, இரவெல்லாம் நின்று முழுதும் குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. சூடான வண்டியில் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

திருப்பூர், பனியன் துணி லோடு: பி.எஸ். 6 வண்டி. சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை கருகிய வாடையோடு சாம்பல் நிறப் புகை, ஐடிலிங் தானாகக் கூடுகிறது, மைலேஜ் குறைகிறது. பிறகு சரியாகிவிடுகிறது.

இது கோளாறு இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எப். வடிகட்டி வந்தது. கரி நிறைந்ததும் வண்டி தானாகவே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அதை எரிக்கிறது. அந்த நேரத்தில் வண்டியை அணைக்காமல் ஓட்டி முடிக்க விடுங்கள். காய்ந்த புல், வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள்.

ஊருக்குள்ளேயே ஓடி, எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோனால் வேறொரு தொல்லை வரும். சூடேற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் கம்பியில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் இதுதான். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். மேலே ஊட்டிக்காரருக்குச் சொன்ன ஆபத்தும் இதில் உண்டு.

தேனி, வாழைக்காய் லோடு: லோடோடு மேடேறினால் மட்டும் கரும்புகை. காலி வண்டியில் இல்லை.

ஏர் ஃபில்டர் புதிதென்றால் இன்டர்கூலர் ஹோஸ். விரிசல் அழுத்தத்தில்தான் வாய் திறக்கும், நிற்கும்போது மூடிக்கொள்ளும். ஹோஸின் அடிப்பக்கத்தை, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை, விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் கசிந்து தூசி ஒட்டிய கோடு ஒன்று கையில் படும். இழுவையும் குறைந்திருக்குமே?

ஈரோடு, மஞ்சள் லோடு: முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி சங்கிலி குலுங்கும் சத்தம். பிறகு அமைதி.

டைமிங் செயின் வண்டியென்றால், செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் போய்ச் சேரும் வரை குலுங்குகிறது. கடைசியாக ஆயில் மாற்றியபோது விலை மலிந்த ஃபில்டர் போட்டீர்களா? நல்ல ஃபில்டரின் உள்ளே, இரவில் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். முதலில் கம்பெனி ஃபில்டரும் சரியான கிரேடு ஆயிலும் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள். சத்தம் நீண்டுகொண்டே போனாலோ, சூட்டிலும் கேட்டாலோ, செயினைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அதுவரை ஸ்டார்ட் ஆனவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

வேளச்சேரி, தண்ணீர் கேன் லோடு: மழைத் தண்ணீரில் பானட் வரை மூழ்கி நின்றது. காய்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம், ஐயா. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பல வண்டிகள் கெட்டது தண்ணீரில் நின்றதால் அல்ல, அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ததால். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். உள்ளே ஈரமோ சேறோ இருந்தால், நாசிலையோ குளோ பிளக்கையோ கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றின் ஆயிலையும் மாற்றி, டீசல் டேங்கையும் வடித்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.