குழந்தைகள் ஆடைக்குச் சொந்த டிசைனில் பருத்தித் துணி அச்சடித்து வாங்குவது எப்படி? குறைந்தது எத்தனை மீட்டர் கொடுக்க வேண்டும்?

எத்தனை மீட்டர் என்பது அச்சு முறையைப் பொறுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன். எத்தனை மீட்டர் கொடுத்தாலும் சரி, முதலில் ஒரே ஒரு மீட்டர் அடித்து வாங்கி, அதை வீட்டில் துவைத்துப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கோவையில் ஆறு ஆண்டுகளாகச் சின்னக் குழந்தைகளுக்குக் கவுனும் ஜப்லாவும் தைத்து விற்கிறேன். இந்தத் தொழிலில் நான் பட்ட பெரிய நஷ்டங்கள், அந்த ஒரு மீட்டரைத் துவைக்காமல் விட்டதால் வந்தவை.

என் முதல் ஆர்டர் 120 மீட்டர். வெள்ளைப் பருத்தியில் சிவப்பு யானைகள், 44 அங்குல அகலம். ஒரு கவுனுக்கு ஒன்றேகால் மீட்டர் என்று கணக்குப் போட்டு 96 கவுன் எதிர்பார்த்தேன். கைக்கு வந்தது 82. துணியை நனைத்துக் காயவைத்ததும் நீளத்தில் 4 விழுக்காடு சுருங்கி, 120 மீட்டர் 115 ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு யானைகளால் வந்தது. எல்லா யானைகளும் ஒரே திசையில் நின்றன. கவுனின் துண்டு மேலே குறுகி, கீழே விரிந்திருக்கும். பூவோ புள்ளியோ இறைந்து கிடக்கும் டிசைனாக இருந்தால் ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் நெருக்கிப் போட்டு வெட்டலாம். யானைத் துணியை அப்படி வெட்டினால் பாதிக் கவுன்களில் யானை தலைகீழாகத் தொங்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கமாகப் போட்டதில் கவுனுக்கு 1.4 மீட்டர் பிடித்தது. இப்போது நான் வரையும்போதே உருவங்களில் பாதியை மேல்நோக்கியும் பாதியைக் கீழ்நோக்கியும் வைத்துவிடுகிறேன்.

பணம் போனதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது, அந்தக் கவுனை வாங்கிய ஒரு தாய் அனுப்பிய படம். முதல் துவைப்பிலேயே கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைப் பைப்பிங் முழுக்க இளஞ்சிவப்பாகியிருந்தது. பல் முளைக்கும் குழந்தை அந்தக் கழுத்துப் பட்டியைத்தான் எந்நேரமும் வாயில் வைத்திருக்கும். விற்ற கவுன்கள் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் யானைகளை அடித்திருந்த ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்வது. அச்சடித்ததும் நீராவியில் வைப்பார்கள், அப்போதுதான் சாயம் பிடிக்கும். பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தைப் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அலசலைக் குறைத்தால் பட்டறைக்கு நீரும் மிச்சம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் மிச்சம், மிஞ்சிய சாயம் மட்டும் நம் துணியோடு வந்துவிடும். மீட்டருக்குப் பத்து ரூபாய் குறைவாகச் சொல்கிறார்கள் என்றால் எத்தனை முறை அலசுகிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கழிவுநீரைப் பற்றிக் கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு. டிஜிட்டல் அச்சுக்கு ஸ்கிரீன், அதாவது டிசைன் பதித்த அச்சுச் சல்லடை, தேவையில்லை. ஆகவே பத்து, இருபது மீட்டர்கூட அடித்துத் தருகிறார்கள், நிறங்களுக்கும் எல்லை இல்லை. மீட்டர் விலைதான் அதிகம். உருளைகள் சுழன்று அச்சடிக்கும் ரோட்டரி முறையில் நிறத்துக்கு ஓர் உருளை ஸ்கிரீன் செய்ய வேண்டும். ஐந்து நிறம் என்றால் ஐந்து ஸ்கிரீன். அந்தச் செலவு சில நூறு மீட்டராவது ஓடினால்தான் கட்டுப்படியாகும். பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. என்பதால் உங்கள் டிசைன் திரும்ப வரும் நீளம் 64, 32, 16 என்று அதில் சரியாக அடங்க வேண்டும். வரைவதற்கு முன்பே உங்கள் பட்டறையின் அளவைக் கேட்டுவிடுங்கள். பிக்மென்ட் அச்சில் நிறம் பைண்டர் என்னும் பசை வழியாகத் துணியின் மேல் ஒட்டுகிறது. அலசல் அவ்வளவாகத் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் அடர்த்தியாக அடித்த இடம் தடவினால் விறைப்பாக இருக்கும், சூட்டில் சரியாகப் பதப்படாவிட்டால் தேயத் தேய உதிரும். பச்சிளம் குழந்தைக்கு நான் அதை எடுப்பதில்லை. சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் முறை மலிவு என்று யாராவது சொன்னால் அது பாலியஸ்டருக்கானது, பருத்தியில் நிற்காது.

மாதிரி மீட்டரை நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் அதே துணியில் அடிக்கச் சொல்லுங்கள். வேறு காடாத் துணியில் அடித்த மாதிரியால் பயனில்லை. கிடைத்ததும் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி, துவைத்த பிறகு நிறத்தை ஒப்பிடத் தனியே வைத்துவிடுங்கள். மீதியில் பால்பாயின்ட் பேனாவால் 50 செ.மீ. சதுரம் போடுங்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ஆழமான நிறத்தின் மேல் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஏறாவிட்டால் ஒரு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, மூன்று முறை துவைத்து, சதுரத்தை அளந்து பாருங்கள். 48 செ.மீ. இருந்தால் 4 விழுக்காடு சுருக்கம், அதைச் சேர்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும்.

நிறத்தைக் கணினித் திரையை வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரோட்டில் எனக்கு அச்சடித்துத் தரும் பெரியவர், “அம்மிணி, திரையில் தெரிவது வெளிச்சம், இது சாயம்” என்று சொல்லி, மாதிரியை எடுத்துக்கொண்டு என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். டியூப் லைட்டில் பச்சை கலந்து தெரிந்த கடுகு மஞ்சள், வெயிலில் நான் கேட்ட நிறமாகவே இருந்தது. அன்றிலிருந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் சரி சொல்கிறேன்.

பிடித்த மாதிரியை இரண்டாக வெட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் தாளில் அச்சு விழும் அகலம், சுருக்கத்தின் உச்ச அளவு, கறைபட்ட மீட்டருக்கு எவ்வளவு விலை குறைப்பார்கள், டிசைனை வேறு யாருக்கும் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். டிசைனை வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், படத்தை வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளியான டிசைனைப் புதியது என்று பதிய முடியாது.