பத்தாவது நிமிடத்தில் வரும் சலிப்பு

கேள்வி: வேலை முடிந்ததும் தித்திவாங்சா ஏரிப் பூங்காவில் ஓடுவது என் வழக்கம். அக்டோபர் பிறந்ததிலிருந்து மாலையானால் இடியும் மழையும்தான். எங்கள் அடுக்குமாடியின் உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில் இருக்கிறது. ஆனால் ஏறிய பத்தாவது நிமிடமே சலித்துப்போய் இறங்கிவிடுகிறேன். குளிர்நாட்டில் இருக்கும் என் அக்காள் பனிக்காலம் முழுவதும் அதில்தான் ஓடுகிறார். எனக்கு மட்டும் ஏன் மனம் ஒட்டவில்லை?
– வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, மின்னல் வெட்டும்போது ஏரிக்கரைக்குப் போகாதிருப்பது சரியான முடிவு. உங்களுக்கு மன உறுதி குறைவு என்றும் நான் நினைக்கவில்லை. 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்பவர் சிறைக் கைதிகளுக்காக அமைத்த மிதிசக்கரமே இந்த இயந்திரத்தின் மூதாதை. ஒரே படியை மணிக்கணக்கில் மிதிக்க வைப்பதுதான் அங்கே தண்டனை. மாற்றமே இல்லாத ஓட்டத்தை மனம் வெறுப்பது இயல்பு.

ஏரியைச் சுற்றும்போது வளைவில் வேகம் தானாகக் குறைகிறது, எதிரே வருபவருக்கு வழிவிடுகிறீர்கள், தொலைவில் இரட்டைக் கோபுரம் தெரிந்ததும் இன்னும் சற்றுத் தூரம் ஓடலாம் என்று தோன்றுகிறது. டிரெட்மில்லில் இவை எதுவும் இல்லாததால் கண் திரையிலுள்ள நிமிடக் கணக்கிலேயே போய் நிற்கிறது. ஆகவே, ஒரு சிறு துண்டைப் போட்டு அந்தக் கணக்கை மறைத்துவிட்டு, பாட்டையே கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாட்டு முடியும்வரை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம், அடுத்த பாட்டுக்கு 5 கிலோமீட்டரில் நடை. நம் திரைப்பாடல்கள் பெரும்பாலும் நான்கைந்து நிமிடம் ஓடுபவை என்பதால் ஆறு பாட்டில் ஏறக்குறைய அரை மணி நேரம் கடந்துவிடும். வெளியில் ஓடுவதற்கு ஈடாகச் சாய்வை 1 விழுக்காடு வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது வேகமாக ஓடுபவர்களுக்கான கணக்கு, உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நின்ற இடத்திலேயே ஓடும்போது எதிர்க்காற்று உடம்பில் படுவதில்லை. வியர்வை காயாமல் வழிந்து, உடல் சீக்கிரம் சூடேறிவிடும். அந்த அயர்வையே பலர் சலிப்பு என்று எண்ணி இறங்கிவிடுகிறார்கள். நிர்வாகத்திடம் கேட்டு முன்னால் ஒரு மின்விசிறி வைக்கச் சொல்லுங்கள். பத்தாவது நிமிடம் இவ்வளவு பாரமாக இருக்காது.

பாட்டும் அலுத்துப்போனால் ஒலிப்புத்தகத்துக்கு மாறுங்கள். விறுவிறுப்பான கதைகளை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும்படி வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் இடையில் அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள் (Thanksgiving) விடுமுறை குறுக்கிட்டதும் அந்தப் பழக்கம் அறுந்துபோனது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்தப் பின்பாதிதான்; ஏனென்றால் நமக்கும் மழைக்காலத்தின் நடுவில்தான் தீபாவளி வருகிறது. ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். எவ்வளவு ஆவலாக இருந்தாலும் வீட்டில் கேட்க வேண்டாம். திரும்பி வந்த மறுநாள் மாலை, டிரெட்மில்லில் ஏறிய பிறகே விட்ட இடத்திலிருந்து கேளுங்கள்.