முதல் எலக்ட்ரிக் கிட்டாரில் நெக் பாக்கெட்டைச் சாய்வாக வெட்டுவது எப்படி?

நெக் பாக்கெட் என்பது கிட்டாரின் கழுத்தை (நெக்) உடலில் (பாடி) செருகும் குழி. முதலில், சாய்வு தேவையா என்று பாருங்கள். ஃபெண்டர் வகைத் தாழ்வான பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) என்றால் பாக்கெட் தட்டையாகவே இருக்கலாம். டியூன்-ஓ-மேட்டிக் போன்ற உயரமான பிரிட்ஜை பாடியின் மேலேயே பொருத்தினால்தான் நெக்கைப் பின்னால் சாய்க்க வேண்டிவரும்.

கோணத்தை ஊகிக்காதீர்கள். பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் தாளில் வரையுங்கள்: பாடியின் மேல்பரப்பு, பிரிட்ஜ் உயரம், ஃப்ரெட்போர்டின் (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) தடிமன். 2 டிகிரி சாய்வு 150 மி.மீ. தூரத்தில் சுமார் 5 மி.மீ. உயர்வு தரும். அரை டிகிரி தவறினாலே பிரிட்ஜை ஏற்றி இறக்கிச் சரிக்கட்டுவது கஷ்டமாகலாம்.

வெட்டும்போது ரவுட்டரை (மரத்தைக் குடையும் இயந்திரம்) தனியாகச் சாய்க்க வேண்டாம், டெம்ப்ளேட்டை (பாக்கெட் வடிவில் வெட்டிய வழிகாட்டிப் பலகை) சாய்த்தால் போதும். ஒரே கோணத்தில் இழைத்த இரண்டு ஆப்புகளைப் பாக்கெட்டின் இருபுறமும் வைத்து, மேலே டெம்ப்ளேட்டை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, கிளாம்ப் போடுங்கள். ஆப்பின் தடித்த முனை பிரிட்ஜ் பக்கம். அப்போதுதான் பாக்கெட்டின் தரை ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கம் ஆழமாகவும் உள்ளே, பிரிட்ஜ் பக்கம், மேடாகவும் வரும். நான் முதல் தடவை இதைத் தலைகீழாக வைத்தேன். நல்லவேளை, அது வேண்டாத ப்ளைவுட் துண்டு.

நீங்களும் துண்டுப் பலகையில் ஒத்திகை பாருங்கள். டெம்ப்ளேட் உயர்ந்து நிற்பதால் பேரிங் பிட் (டெம்ப்ளேட்டின் ஓரத்தை ஒட்டி உருளும் பேரிங் உள்ள ரவுட்டர் பிட்) கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். பேராசைப்பட்டால் பாக்கெட்டின் வாய் ஓரம் சிம்பு சிம்பாகப் பெயரும்.

அப்புறம் நெக்கைச் செருகி, நீளமான ஸ்கேலை ஃப்ரெட்போர்டின் மேல் வைத்து, அது பிரிட்ஜ் இடத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்துவிட்டு ஸ்க்ரூ துளை போடுங்கள்.